காலம் மாத்திச் செம்மறிக் குட்டி எடுக்கிறது: ஸ்பொஞ்ச் வேணாம், புதுக் கிடாய் போதும்

மட்டக்களப்புல ஓட்டமாவடிக்கு உள்பக்கம் 28 தாய்ச் செம்மறி வெச்சிருக்கிற தம்பி ஒராள் கேட்டிருக்காரு. ஆடு கண்ட மாசத்துலயும் குட்டி போடுது, மாரிக்குள்ள போட்டதுல பாதிக்கு மேல சாகுது, மிஞ்சினதும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குடுக்கக்குள்ள ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன். வெளிநாட்டுக் கட்டுரை ஒண்டுல தாய் ஆட்டுட பிறப்புறுப்புக்குள்ள ஹோர்மோன் ஸ்பொஞ்ச் வெச்சு, மெலடோனின் எண்ட ஹோர்மோன ஏத்தி, பருவம் இல்லாத காலத்துலயும் குட்டி எடுக்கலாம் எண்டு படிச்சிருக்காரு, அது இஞ்ச கிடைக்குமா, அதோட அந்த ஆட்ட ஓர்கானிக் எண்டு சொல்லி பாசிக்குடா ஹோட்டலுக்குக் குடுக்கலாமா, ரெண்டு வருசத்துல மூணு தரம் குட்டி எடுக்கலாமா, இதுதான் கேள்வி.

தம்பி, முதல் ஒண்டச் சொல்லிடுறன். ஸ்பொஞ்சும் ஓர்கானிக்கும் ஒரு பட்டிக்குள்ள நிக்காது. ஐரோப்பாக்காரன்ட சேதனச் சட்டத்துல, அதான் ஓர்கானிக் சட்டத்துல, சினைப் பருவத்தக் கட்டுப்படுத்த ஹோர்மோன் குடுக்கவே கூடாது எண்டு இருக்கு, நோய்க்கு மருந்தா ஒரு தனி மிருகத்துக்குக் குடுக்கிறது வேற கதை. மெலடோனினும் அந்தக் கணக்குலதான் வரும். அப்ப உங்களுக்கு ஒண்டு வேணுமெண்டா மற்றத விடணும். ஆனா நான் சொல்ல வாறது அது இல்ல. எங்கட பகுதியில உங்களுக்கு அந்த ஸ்பொஞ்ச் தேவையே இல்ல, அந்தக் கட்டுரை எழுதினவன்ட பிரச்சினை வேற, உங்கட பிரச்சினை வேற.

அவன்ட பிரச்சினை வெளிச்சம். ஸ்கொட்லாந்துப் பக்கம் ஜூன் மாசத்துல பகல் 17 மணித்தியாலம், டிசம்பர்ல 7 மணித்தியாலம். அங்கத்தைய செம்மறி பகல் குறையக் குறையத்தான் கிடாயத் தேடும், ராத்திரி நீண்டா மூளைக்குள்ள மெலடோனின் கூடும், அது உடம்புக்கு "காலம் வந்திட்டு" எண்டு சொல்லும். அதால ஐப்பசி கார்த்திகையில சேர்ந்து, பங்குனி சித்திரையில குட்டி போடும், மத்த நேரத்துல கிடாயப் பக்கத்துல கட்டி வெச்சாலும் திரும்பிப் பாக்காது. அதத் தாண்டி டிசம்பர்ல குட்டி வேணுமெண்டாத்தான் அவன் காதுக்கு அடியில மெலடோனின் குளிசை வெக்கிறதும், லைட் போட்டுக் கொட்டிலப் பகலாக்கிறதும், புரொஜெஸ்டரோன் எண்ட ஹோர்மோன் ஊறின ஸ்பொஞ்ச 12, 14 நாள் உள்ள வெச்சு எடுத்துப் போட்டு சினைக் குதிரைட ரத்தத்துல இருந்து எடுத்த ஊசி அடிக்கிறதும்.

மட்டக்களப்புல நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் கூட இல்ல. எங்கட யாழ்ப்பாணச் செம்மறி, அந்தச் சின்னச் சாதி, கம்பளி இல்லாம மயிர் மட்டும் இருக்கிறது, அதுக்கு சூரியன் ஒண்டும் பெருசாச் சொல்றதில்ல. அதுக்குச் சொல்றது வயிறு. தீன் நல்லா இருந்தா பருவத்துக்கு வரும், முதுகெலும்பு தெரியிற அளவுக்கு மெலிஞ்சா நிப்பாட்டிடும். அதால இஞ்ச ஒரு தாய் ஆட்டுட காலம் எண்டா அது மழையும் வயல் வெட்டும்தான். மாரி மழை பெய்ஞ்சு, தை மாசி கழிய புல்லு தளைச்சு, பெரும்போக வெட்டு முடிஞ்சு வயல் திறக்கக்குள்ள ஆடு உடம்பு வெக்கும், பங்குனி சித்திரையில கிடாய்க்குக் கத்தும், மறுகா ஆவணி புரட்டாசியில குட்டி. அந்த நேரம் உன்னிச்சை, நவகிரி மாதிரிக் குளத்துத் தண்ணி பாயிற இடத்துல சிறுபோக வெட்டு முடிஞ்சிருக்கும், பரவாயில்ல, மானாவாரி ஊர்ல எண்டா கட்டாந்தரை, தாய்க்குப் பாலே இருக்காது. இன்னும் சிலது ஜூன் ஜூலையில கிடாய்க்கு வந்து கார்த்திகை மார்கழியில ஈனும், உங்கட பாதிச் சாவு அதுதான். நனைஞ்ச தரையில விழுந்த குட்டி, குளிர், சளி, கழிச்சல், புழு. அந்தக் குட்டிய எந்த ஊசியாலயும் காப்பாத்துறது கஷ்டம், பிறக்கிற மாசத்த மாத்துறதுதான் மருந்து.

மறுகா உங்கட சந்தை. அது சூரியனும் இல்ல மழையும் இல்ல, பிறை. ஹஜ்ஜுப் பெருநாள் 2025ல ஜூன் 7ல வந்துது, ஒவ்வொரு வருசமும் பத்து பதினொரு நாள் முந்தி வந்துகொண்டிருக்கும், 2028ல மே முதல் கிழமை அளவில வரும், 2033ல பங்குனி நடுவுக்குக் கிட்ட வந்திடும். பிறை பாத்துத்தான் நாள் சொல்லுவாங்க எண்டாலும் ஆடு வளக்கிறவனுக்கு ஒரு கிழமை முன்னப்பின்ன போறது பெரிய விஷயம் இல்ல. குர்பானுக்கு, அதான் பெருநாளைக்கு அறுக்கிறதுக்கு, ஆட்டுட வயசு விஷயத்த நான் சொல்லக் கூடாது, உங்கட பள்ளி மௌலவிக்கிட்டயே கேட்டுக்கொள்ளுங்க, செம்மறிக்கு ஒரு கணக்கு வெள்ளாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு. நான் செம்மறிக்கு ஒரு வருசம் நிறைஞ்சதாவே வெச்சுக் கணக்குப் பாக்கிறன், அப்பதான் வாங்கிறவருக்கும் மனசு நிறையும், நிறுவையும் வரும்.

இப்ப மழை, பிறை ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எங்கட பகுதியில குட்டி விழுறதுக்குத் திறமான நேரம் மாசி நடுவுல இருந்து பங்குனி கடைசி வரைக்கும். மழை விட்டிரும், தரை காய்ஞ்சிரும், புல்லு நிக்கும், தாய்க்குப் பால் இருக்கும். 2027 மாசி பங்குனியில பிறந்த குட்டி 2028 ஹஜ்ஜுக்கு பதினாலு மாசம். அடுத்த நாலஞ்சு வருசத்துக்கு இந்த ஒரே மாசம் உங்களுக்குச் சரியா உட்காரும், வயசு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு வரும். 2033க்குக் கிட்ட வரக்குள்ள வேற யோசிக்கணும், அது அப்ப பாப்பம்.

பிரச்சினை என்னெண்டா மாசி பங்குனியில குட்டி வேணுமெண்டா புரட்டாசி ஐப்பசியில கிடாய் சேரணும். செம்மறிக்குச் சினைக்காலம் 150 நாள், ரெண்டு மூணு நாள் முன்னப்பின்ன. அந்தப் புரட்டாசிதான் எங்கட ஆடு ஆகவும் மெலிஞ்சு நிக்கிற நேரம், வெயில் நாலு மாசம் காய்ச்சி, கச்சான் காத்து அடிச்சு, தரையில புல்லு கூட இல்லாத நேரம். சும்மா விட்டா அந்த நேரம் பாதி ஆடு பருவத்துக்கே வராது. எங்கட ஊர்ல "பருவம் தப்பிச் சேர்க்கிறது" எண்டா இதுதான் தம்பி, இருட்டோட சண்டை இல்ல, பசியோட சண்டை.

இதுக்கு ரெண்டு கருவி இருக்கு, ரெண்டுக்கும் ஊசி வேணாம். ஒண்டு கிடாய், மற்றது தீன்.

கிடாய்ட வேலைய முதல் சொல்றன், ஏனெண்டா இதத்தான் எங்கட ஆக்கள் நம்பவே மாட்டாங்க. வருசம் முழுக்கக் கிடாயும் தாயும் ஒரே பட்டியில நிண்டா ஒண்டுக்கொண்டு பழகிப் போய்டும், அந்தக் கிடாய்ட மணத்துக்கு ஒரு சக்தியும் இருக்காது. கிடாயப் பிரிச்சு, ஒரு மாசத்துக்குக் குறையாம கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்துல வெச்சு, மறுகா திடீரெண்டு உள்ள விட்டா, பருவம் இல்லாம நிண்ட தாய் ஆட்டுக்கு ரெண்டு நாள் தொடக்கம் நாலு நாளைக்குள்ள முட்டை இறங்கும். அவுஸ்திரேலியாவில 1944லயே இத எழுதி வெச்சிட்டாங்க, புதுசா ஒண்டும் இல்ல. ஆனா அந்த முதல் முட்டை ஊமை முட்டை, ஆடு கத்தாது, கிடாய ஏற விடாது. சிலதுக்கு அடுத்த பருவம் 17 நாளையில நேரா வரும், சிலதுக்கு ஆறு நாளையில இன்னொரு ஊமை முட்டை இறங்கி, அதுக்குப் பிறகு 17 நாள். அப்ப கிடாய் விட்ட நாள்ல இருந்து எண்ணினா 17, 18க்கு ஒரு கூட்டம், 24, 25க்கு ஒரு கூட்டம். கிடாய் விட்டு பத்து நாள் ஆகியும் ஒண்டும் நடக்கல எண்டு கிடாய மாத்துற ஆக்களக் கண்டிருக்கன், பொறுங்க, ஆடு உள்ளுக்குள்ள வேலை செய்யுது. ஏலவே நல்ல உடம்போட பருவம் ஓடிக்கொண்டிருக்கிற ஆடு இதுக்குக் காத்திருக்காது, அது முதல் 17 நாளைக்குள்ள தன்ட பாட்டுல சேர்ந்திடும்.

இப்ப நீங்க கேப்பீங்க, கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடம் எங்க இருக்கு, பக்கத்து வீட்டான்ட கிடாய் வேலியப் பிரிச்சுக்கொண்டு வருதே எண்டு. சரிதான், பொது மேய்ச்சல்ல இது ஆகாத காரியம். நான் முதல்ல என்ட கிடாயப் பழுகாமத்துல இருந்து ஆத்துக்கு அங்கால எழுவான்கரையில என்ட மச்சான் வீட்ட கொண்டுபோய் விட்டன், ஒண்டரை மாசம் கழிச்சுக் கூட்டி வருவம் எண்டு. இடையில அவர்ட மகள்ட சாமத்திய வீடு வந்திட்டு, கறிக்கு ஆடு தேடக்குள்ள கொட்டிலுக்குள்ள தின்டு கொழுத்துக்கொண்டு நிக்கிறது என்ட கிடாய்தானே, நான் அண்டைக்கு வெள்ளென போகாம விட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகுதான் வேற வழி பாத்தன். கிடாய் புதுசா இருந்தாலே போதும், முழுசாப் பிரிச்சு வெச்சிருக்கணும் எண்டு இல்ல, முன்னப்பின்ன மணக்காத கிடாய் எண்டா தாய் ஆட்டுக்கு அதே வேலை செய்யும். அப்ப நீங்க செய்ய வேண்டியது, உங்கட கிடாய வாகரைப் பக்கமோ செங்கலடிப் பக்கமோ இன்னொரு பட்டிக்காரனுக்குக் குடுத்து அவன்ட கிடாய நீங்க எடுக்கிறது. காசு இல்லாம ரெண்டு பேருக்கும் வேலை நடக்கும், அதோட அப்பன் மகளோட சேர்ற பிரச்சினையும் தீரும், அது எங்கட ஊர்ப் பட்டிகள்ல பெரிய நோய், குட்டி சிறுத்துச் சிறுத்து வாறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். எடுக்க முதல் அந்தக் கிடாய்ட விதையக் கையால தடவிப் பாருங்க, ரெண்டும் ஒரே அளவா, கட்டி இல்லாம, இறுக்கமா இருக்கணும், வீங்கி ஒண்டு சிறுத்து ஒண்டு இருந்தா எவ்வளவு அழகான கிடாயா இருந்தாலும் வேணாம். ரெண்டு கிழமை தனியாக் கட்டி வெச்சுப் பாத்துப் போட்டு விடுங்க. உங்கட 28க்கு ஒரு கிடாய் சாதாரணமாக் காணும், ஆனா எல்லாம் ஒரு கிழமைக்குள்ள கத்தக்குள்ள ஒண்டு திணறும், ரெண்டு வைங்க, ஒண்டு முத்தினதா இருக்கட்டும்.

கிடாய்ட சூடு பத்தி ஆரும் யோசிக்கிறதில்ல. கச்சான் எண்டா இஞ்ச ரெண்டு இருக்கு, திங்கிற கச்சான் கடலையும் அடிக்கிற கச்சான் காத்தும், நான் சொல்றது காத்தை. ஜூன்ல இருந்து ஓகஸ்ட் வரைக்கும் மலைக்கு அங்கால மழையக் கொட்டிப்போட்டு இஞ்சால வரக்குள்ள அது அடுப்புக் காத்து. விந்து உருவாகி முடிய ஏழு கிழமை மட்டுல எடுக்கும், அப்ப ஓகஸ்ட்ல வெந்த கிடாய் செப்டெம்பர் கடைசியில ஏறும் ஆனா பிடிக்காது. நான் ஒரு வருசம் தகரக் கொட்டிலுக்குள்ள கிடாய அடைச்சு வெச்சு இந்தப் பாடம் படிச்சன், எல்லாம் ஏறினது, 17 நாளையில எல்லாம் திரும்பவும் கத்தினது. ஜூலை நடுவுல இருந்தே கிடாய மர நிழல்ல, கிடுகு கூரைக்குக் கீழ கட்டுங்க, தண்ணி பகல் முழுக்க இருக்கட்டும். காய்ச்சல் வந்த கிடாயும் அதே கணக்குத்தான், ரெண்டு மாசத்துக்கு நம்பாதீங்க.

எது ஏறினது எண்டு அறிய ஸ்கேன் ஒண்டும் வேணாம். காவி மாதிரி நிறப் பொடியத் தேங்காய் எண்ணெயில குழைச்சு ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிடாய்ட நெஞ்சுல பூசி விடுங்க, ஏறின ஆட்டுட முதுகுல பட்டிருக்கும். முதல் மஞ்சள் மாதிரி வெளிறின நிறம், 17 நாள் கழிய சிவப்பு, மறுகா அத விட இருட்டின நிறம். மஞ்சளுக்கு மேல சிவப்புப் பட்ட ஆடு முதல் தரம் பிடிக்கல, மூணாவது நிறமும் பட்டா அந்த ஆட்டயோ கிடாயயோ சந்தேகப்படணும். ஒரு கொப்பியில நாளக் குறிச்சு வைங்க, நினைவுல இருக்கும் எண்டு சொல்றவனெல்லாம் பங்குனியில தலையச் சொறிஞ்சுகொண்டு நிப்பான்.

நாள் கணக்கு ஒண்டு போட்டுக் காட்டுறன். ஓகஸ்ட் முதலாம் திகதி உங்கட கிடாய் வெளிய போகுது. செப்டெம்பர் முதலாம் திகதியில இருந்து தாய்களுக்குத் தீன் ஏத்துறீங்க. செப்டெம்பர் 15 புதுக் கிடாய் உள்ள. மெலிஞ்சு நிண்ட கூட்டம் ஒக்டோபர் 2ல இருந்து 10க்குள்ள சேரும், அதுகள்ட குட்டி மார்ச் 1ல இருந்து 9க்குள்ள. ஏலவே பருவம் ஓடின சிலது பெப்ரவரி நடுவுலயே போடும். முதல் தரம் பிடிக்காதது ஒக்டோபர் கடைசியில திரும்ப வந்து மார்ச் 26க்குள்ள போடும். நவம்பர் பிறக்கக் கிடாயக் கட்டாயம் எடுத்திருங்க, பாவம் பாத்து விட்டு வெச்சா மறுபடி கண்ட மாசத்துல குட்டி.

தீனுக்கு வாறன். செப்டெம்பர்ல ஆட்டப் பிடிச்சு இடுப்புக்கு மேல முதுகெலும்பக் கையால அமத்திப் பாருங்க. கூர் கத்தி மாதிரிக் குத்தினா அது ரெண்டுக்குக் கீழ, அஞ்சுக்குத்தான் மார்க்ஸ். எலும்பு தட்டுப்படணும் ஆனா உருண்டையா, மேல சதை மூடி இருக்கணும், அது மூணு, அந்த இடம்தான் வேணும். மெலிஞ்ச ஆட்டுக்கு மூணு கிழமை முன்னால இருந்து தீன் ஏத்தினா பருவமும் வரும், ரெட்டைக் குட்டிக்கும் வாய்ப்புக் கூடும், கொழுத்த ஆட்டுக்கு ஏத்தினா ஒண்டும் நடக்காது, காசுதான் போகும். எங்கட சின்னச் சாதிக்குத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து ஒரு நாளைக்கு 200, 300 கிராம் காணும், மிச்சம் இலை. அந்த வரட்சியிலயும் பச்சையா நிக்கிறது சீமைக்கிளுவை வேலிதான், வெட்டி அரை நாள் வாட விட்டுப் போடுங்க, பச்சையாப் போட்டா மணத்துக்கு முகத்தத் திருப்பிக்கொள்ளும், பழகினா விடாது. ஆனா சாப்பாட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல போக வேணாம். இப்பில் இப்பில் எண்ட மரத்துட இலையும் நல்ல தீன்தான், அளவு மிஞ்சினா செம்மறிக்கு மயிர் கொட்டும். முருங்கை இலை, பலா இலை, காய்ஞ்ச கச்சான் கொடி எல்லாம் குடுக்கலாம், பூஞ்சணம் பிடிச்ச கொடி மட்டும் வேணாம். இன்னொண்டு, மாட்டுக்கு விக்கிற தாதுப்பொருள் கட்டிய செம்மறிக்கு வெக்காதீங்க, கோழிக் கூட்டுக் குப்பையும் வேணாம், ரெண்டுலயும் செம்பு கூட இருக்கும், வெள்ளாடு மாடு தாங்கும், செம்மறிட ஈரல் தாங்காது, ஒரு நாள் திடீரெண்டு மஞ்சளாகி விழும்.

இனித்தான் மெய்யான கஷ்டம். ஒக்டோபர்ல சினைப்பட்ட ஆட்டுட கடைசி ஆறு கிழமை ஜனவரி நடுவுல தொடங்கும். வயித்துக்குள்ள குட்டி வளர்றதுல பெரும்பகுதி அந்த ஆறு கிழமையிலதான். எங்கட ஜனவரி எப்பிடி எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. 2011 ஜனவரி வெள்ளத்துல படுவான்கரையில வீட்டுக்குள்ள இருந்த ஆக்களே பாடசாலையில போய்ப் படுத்த நேரம், ஆட்டுக்கு ஆரு புல்லு வெட்டினது, எனக்கு ஆறு தாய் வயித்துல குட்டியோட போச்சு, வெள்ளத்துல இல்ல, பசியில. ரெட்டைக் குட்டி சுமந்த ஆடு ரெண்டு நாள் பட்டினி கிடந்தாலே மயங்கிக் கண் தெரியாம நிக்கும், உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல நஞ்சேறும், சர்க்கரைத் தண்ணி பருக்கிப் பாக்கலாம், சுறுக்கா மாட்டு டொக்டரக் கூப்பிடணும், தப்பினது குறைவு. அதால செப்டெம்பர்ல கிடாய் விடுறவன் செப்டெம்பர்லயே ஜனவரிக்குத் தீன் சேத்து வெக்கணும். சோளன தண்டோட வெட்டி பிளாஸ்டிக் பீப்பாவுக்குள்ள காத்துப் போகாம மிதிச்சு அடைச்சு வைங்க, ஒண்டரை மாசத்துல சைலேஜ் ஆயிடும். காய்ஞ்ச வைக்கோல் மட்டும் குடுத்தா வயிறு நிறையும், சத்து இல்ல. கொட்டில் நிலத்துல இருந்து முழங்கால் உயரத்துக்குக் குறையாம பரணா இருக்கணும், பலகைக்கு இடையில புழுக்கை விழ விரலகலம் விட்டு. யானைப் பகுதி எண்டா தவிட்டையும் உப்பையும் கொட்டிலுக்குள்ள வெக்காதீங்க, அது மணத்துக்கு வந்து ஆட்டோட சேர்த்துக் கொட்டிலையும் கூட்டிப்போட்டுப் போகும்.

குட்டி விழுந்தா முதல் ஆறு மணித்தியாலத்துக்குள்ள கடும்புப் பால், அதான் சீம்பால், உள்ள போகணும், தொப்புளுக்கு அயடின், அவ்வளவுதான். மூணு மாசத்துல பால் மறக்கடிக்கக்குள்ள ஜூன், கச்சான் தொடங்கிடும், குட்டிக்கு இலையும் நிழலும் வேணும், கச்சான் அடிக்கிற அந்த மூணு மாசத்தத் தாண்டின குட்டி மறுகா நிக்கும்.

புழுவுக்கு மாசா மாசம் மருந்து பருக்கிற பழக்கத்த விடுங்க. கீழ் இமையப் பிரிச்சுப் பாருங்க, சிவப்பா இருந்தா விடுங்க, வெளிறி இருந்தா அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. ரத்தம் குடிக்கிற வயித்துப் புழு ஒண்டு இருக்கு, மழை விட்ட கையோட அதுதான் கொல்லும், அதுட குஞ்சு பனி நிக்கிற புல்லுல ஏறி நிக்கும், வெயில் ஏறினாப் பிறகு மேய விட்டா பாதி குறையும், ஒரே துண்டுல நாலஞ்சு நாளைக்கு மேல நிப்பாட்டாதீங்க.

இப்ப ஓர்கானிக். 2021ல பசளை இறக்குமதிய ஒரே ராத்திரியில நிப்பாட்டினதுல இருந்து எங்கட வயல்காரனுக்குச் "சேதனம்" எண்ட சொல்லக் கேட்டாலே வயிறு எரியும், நியாயம்தான், ஆனா ஆட்டுல அது அவ்வளவு பொல்லாத சாமான் இல்ல. கஷ்டம் ஊசியில இல்ல தம்பி, புல்லுல. உங்கட ஆடு மேயிற வெட்டு வயலுக்குக் களைநாசினி அடிச்சிருப்பான், பூச்சிக்கும் அடிச்சிருப்பான். ஐரோப்பாச் சட்டப்படி பொது மேய்ச்சல் தரையில கூட மூணு வருசமா அந்த மருந்து படாம இருந்திருக்கணும். ஆட்டையும் ஆறு மாசம் சேதன முறையில வெச்சிருக்கணும், குட்டிக்கு 45 நாளைக்குக் குறையாமத் தாய்ப்பால். அமெரிக்காச் சட்டப்படி இறைச்சிக்குப் போற குட்டி, தாய் வயித்துல கடைசி மூணுல ஒரு பங்கு காலத்துல இருந்தே சேதன முறையில இருக்கணும், அது எப்ப வருது பாருங்க, ஜனவரி பத்துல இருந்து பெப்ரவரி கடைசி, வெள்ளத்துக்குள்ள நீங்க கடையில தவிடு வாங்கிப் போடுற அதே அம்பது நாள். அந்தத் தவிடு மருந்தடிச்ச நெல்லுட தவிடு. அதால நேர்மையாச் சொல்றதெண்டா, சொந்தமா வேலியடைச்ச காணி, சொந்த மரத்தீன், சொந்தச் சோளன் இல்லாம சான்றிதழுக்குப் போகாதீங்க, சான்றிதழ் இல்லாம ஓர்கானிக் எண்டு ஹோட்டல்காரனுக்குச் சொல்லவும் வேணாம். ஹோர்மோன் ஊசி இல்லாத, மேய்ச்சல்ல வளர்ந்த ஆடு எண்டு சொல்லுங்க, அது மெய், கொப்பியும் காட்டலாம்.

ஹோட்டல்காரனுக்கு ஆடு தேவை மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும், கிழக்குக் கடல் அமைதியா இருக்கிற காலம். அவன் கேக்கிறது சின்னக் குட்டி, அஞ்சாறு மாசம். மேயில அஞ்சு மாசக் குட்டி குடுக்கணுமெண்டா மார்கழியில பிறந்திருக்கணும், அதத்தானே இவ்வளவு நேரமும் வேணாம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கன். உங்கட மார்ச் குட்டியில கிடாய்க்கும் ஹஜ்ஜுக்கும் தேறாத சிறுத்தது இருக்குமே, அத ஓகஸ்ட் செப்டெம்பர்ல அவனுக்குக் குடுங்க, மிச்சத்த வெச்சிருங்க.

ரெண்டு வருசத்துல மூணு தரம் குட்டி எடுக்கலாமே எண்டும் கேட்டிருந்தீங்க. எடுக்கலாம், எட்டு மாசத்துக்கு ஒருக்கா. அமெரிக்காவுல கோர்னெல் பல்கலைக்கழகத்துல வருசத்த 73 நாளா அஞ்சாப் பிரிச்சு மூணு வருசத்துல அஞ்சு தரம் எடுக்கிற முறை ஒண்டு வெச்சிருக்காங்க, ரெண்டு 73 சேர்ந்தா 146, கிட்டத்தட்ட ஒரு சினைக்காலம், கெட்டிக்காரக் கணக்குத்தான். ஆனா அதுக்கு வருசம் முழுக்க ஒரே மாதிரித் தீன் வேணும், குட்டியையும் வெள்ளெனப் பால் மறக்கடிக்கணும். எட்டு மாசக் கணக்குல போனா மூணுல ஒரு தரம் கட்டாயம் மாரிக்குள்ளதான் வந்து விழும். பரண் கொட்டிலும் சைலேஜும் சரியா அமைஞ்சு, ரெண்டு மாரிய ஒரு சாவும் இல்லாம நீங்க தாண்டினாப் பிறகு அதப் பத்திக் கதைப்பம். இப்போதைக்கு 28ல எத்தின மூணு மார்க்ஸ்க்கு மேல நிக்குது, உங்கட கிடாய்க்கு என்ன வயசு, வந்து எத்தின வருசம், இந்த மூண்டையும் பாத்துச் சொல்லுங்க. கிடாய் உங்கட பட்டியில பிறந்ததெண்டா சேர்க்கைக்கு விடாம அத ஹஜ்ஜுக்குக் குடுத்திருங்க.